சீனியம்மா கூடையை எட்டிப் பார்த்த பூதம்

ஒரு ஊர்ல, ஊர்ப் பேரெல்லாம் கேக்கப்படாது, சீனியம்மா சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. புருசன் செத்துப் போயிட்டான், ஒரே மக, பேரு வடிவு. பருத்திக்காடு இருந்துச்சு, கையில காசு இருந்துச்சு. இல்லாதவ இல்ல அவ, அதை முதல்லயே சொல்லிப்புடுறேன், அப்புறம் பாவம் பாவம்னு உச்சுக் கொட்டாதீங்க.

ஆனா சந்தைக்குப் போனான்னா நல்ல கத்தரிக்கா மேல கண்ணு போகும், கை போகாது. ஓரமாக் கழிச்சுப் போட்டிருக்கும்ல சொத்தை, அதை அள்ளிப் போட்டுக்கிட்டு, "நமக்கு இது போதாதா"ம்பா. அந்தக் காசுக்கு நல்ல காயே நாலு வரும், ஆனா மனசு வராது. கடைக்காரன் வெயிலுமுத்து அவளுக்குன்னே கழிசலை எடுத்து வச்சிருப்பான். மாம்பழம் வாங்குனா, அழுகப் போறதை முதல்ல தின்னணும்பா. அதைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது அழுகிரும். அந்தப் பிள்ளை வடிவு வருசா வருசம் மாம்பழம் தின்னுச்சு, ஒரு நாளும் நல்ல மாம்பழம் தின்னதில்ல. உங்க அம்மாவும் அப்படித்தான் பண்றா, நான் ஒண்ணும் சொல்லல.

சந்தைக்குப் பக்கத்துல ஒரு புளியமரம், புளியமரத்துல ஒரு பூதம். நல்ல பூதம், கேட்டதைக் குடுக்கும். சீனியம்மா போய், "பூதமே பூதமே, எனக்கு ஒரு மாடு வேணும்"னு கேட்டா. கேட்டுட்டு வந்துட்டா. எப்படிப்பட்ட மாடுன்னு சொல்லாமப் போறாளே, சரி, இவளுக்கு எது பிடிக்கும்னு பாத்துக் குடுப்போம்னு பூதம் பின்னாலயே போய், கூடைக்குள்ள எட்டிப் பாத்துச்சு. பாத்துட்டு, பல்லு விழுந்த கிழட்டு மாடு ஒண்ணை ஓட்டிக்கிட்டு வந்து கட்டிருச்சு. மடியில சொட்டுப் பால் இல்ல. சீனியம்மா பாத்தா, "நமக்கு இது போதாதா"ன்னுட்டா.

அப்புறம் போய், "பூதமே பூதமே, வீட்டுக்கு ஒரு கூரை வேணும்"னு கேட்டா. பூதம் திரும்பக் கூடைய எட்டிப் பாத்துச்சு, அதே சொத்தை. யாரோ பிரிச்சு எறிஞ்ச மக்கின கூரைய ஆசை ஆசையாத் தூக்கிட்டு வந்து போட்டுக் குடுத்துச்சு. மழை பெஞ்சா வீட்டுக்குள்ளதான் பெய்யும். "நமக்கு இது போதாதா"ன்னுட்டு, ஒழுகுற இடத்துல சட்டியை வச்சா.

அப்புறம் போய், "பூதமே பூதமே, என் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வேணும்"னா.

சிரிக்காதீங்கடி. அந்தப் பிள்ளைக்கு அது வாழ்க்கை.

மறுநாளே பூதம் ஒருத்தனைத் தோள்ல தூக்கிட்டு வந்து வாசல்ல இறக்குச்சு. அவனால நிக்க முடியல, அம்புட்டுக் கள்ளு. கட்டுனவ ரெண்டு பேரும் விரட்டி விட்ட ஆளு. "சுத்துப்பட்டுல எல்லாருமே வேண்டாம்னு தள்ளுனவன் சீனியம்மா, உனக்குன்னே தேடிப் பிடிச்சேன்"னுச்சு பூதம், வாயெல்லாம் பல்லு.

வடிவு, எங்கே அந்த வார்த்தையச் சொல்லிருவாளோன்னு அம்மா முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. சீனியம்மா வாயைத் தொறந்தா. "நமக்கு"ன்னு வந்துச்சு, அதுக்கு மேல வரல. பெத்த வயிறுல்ல, பத்தி எரிஞ்சு போச்சு.

"என் மகளுக்கு இது போதாது"ன்னா.

பூதத்துக்கு ஒண்ணும் புரியல. "நீ விரும்பி எடுக்குறதப் பாத்துத்தானே தாயி கொண்டாந்தேன்?"

"எங்கே பாத்த?"

"உன் கூடையிலதான்."

சீனியம்மா அப்படியே தரையில உக்காந்துட்டா. "உன்னைக் கெடுக்கப் பாத்தது நான்தானா வடிவு"ன்னு மகளைக் கட்டிக்கிட்டு அழுதா. பூதம் சொல்லுச்சு, "அழாத. நாளைக்குச் சந்தை. இன்னொரு தரம் பாக்குறேன். கூடை மாறலைன்னா இவன்தான் மாப்பிள்ளை." சொல்லிட்டு அவனை மாட்டுக்குப் பக்கத்துல படுக்கப் போட்டுட்டுப் போயிருச்சு.

மறுநாள் சந்தைக்குப் போனா. வெயிலுமுத்து, "வா சீனியம்மா, உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், அள்ளிக்கோ, மேல ஒரு கை சேத்தே போடுறேன்"னான். பழகுன கையாச்சே, தானா அதுலதான் போச்சு. வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. நல்ல கத்தரிக்காயா ஒண்ணு எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, ஓட்டை இல்லைன்னு தெரிஞ்சு, "இதுல நாலு நிறு"ன்னா.

"அது பெரிய வீட்டுக்குப் போற சரக்கு. உனக்கு எதுக்கு?"

"திங்கத்தான்."

அப்புறம் அவன் கடை அரிசிய ஒரு வாய் போட்டு மென்னு பாத்தா. "கல்லு கிடக்கு, வேண்டாம்"னு துப்பிட்டு அடுத்த கடைக்குப் போயிட்டா. அப்புறம் மாம்பழம் வாங்குனா, ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்கு வந்த உடனே அறுத்தா. வடிவு முழங்கை வரைக்கும் சாறு வழிய வழியத் தின்னா. அம்மாளும் மகளும் கொட்டையைக் கூட விடல.

பூதம் எல்லாத்தையும் பாத்துச்சு. குடிகாரனைத் தூக்கிட்டுப் போயிட்டு, இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வந்துச்சு. தளவாய்னு பேரு, மாட்டு வண்டி ஓட்டுறவன், பெரிய பணக்காரன் ஒண்ணும் இல்ல. தன் கால்லயே நடந்து வந்தான். வந்தவன் சீனியம்மாகிட்டப் பேசல, நேரா வடிவைப் பாத்து, "உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டான்.

வடிவு, "கொஞ்சம் திரும்பி நில்லுங்க"ன்னா. அவனும் திரும்பி நின்னான். ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "சொத்தை இல்லம்மா"ன்னா. அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம்.

இந்த வெயிலுமுத்துக்கு வயித்தெரிச்சல். ஓடிப் போய், "பூதமே பூதமே, எனக்குப் பிடிச்சதை வீடு நிறையக் கொட்டு"ன்னான். தங்கம் வரும்னு நினைப்பு. பூதம் போய், இவன் அப்படி என்ன ஆசையா வாங்குறான்னு பாத்துச்சு. அரிசியில கலக்குறதுக்கு, மலையடிவாரத்துல இருந்து வண்டி வண்டியாப் பொடிக்கல்லு வாங்கிக்கிட்டு இருந்தான். அட, இவனுக்குக் கல்லுன்னா உசுரு போலன்னு, கூரை முட்டக் கொட்டிருச்சு. கதவைத் திறக்க முடியல, உள்ள கால் வைக்க இடம் இல்ல. இன்னும் கூடை கூடையா அள்ளி வெளிய கொட்டிக்கிட்டு இருக்கானாம், ஒத்தாசைக்கு ஒருத்தரும் போகல.

அதனால சாமிகிட்ட என்ன கேக்குறோம்னு மட்டும் யோசிச்சாப் போதாது பிள்ளைகளா, கடையில என்னத்தை எடுக்குறோம்னும் பாத்துக்கணும். கதை ஆச்சு. சொன்னவளுக்கு வெத்தலை, கேட்டவங்களுக்குத் தூக்கம். போய்ப் படுங்க.