மீசை வைத்த கேப்டன்

ஜவுளிக்கடை முதலாளி ஏகாம்பரம் ஆன்லைன் ஃபுட்பால் கேமில் தோற்றதே இல்லை. எதிரே ஆடுகிறவர்கள் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். ஞாயிறு லீவு கேட்ட சேல்ஸ்கேர்ள் பூங்கோதையிடம், "ஒரு ஷாட்கூட அடிக்காம என்னை ஜெயி, எல்லாருக்கும் லீவு" என்றார்.

பூங்கோதை பாஸ் மட்டுமே போட்டாள். முதலாளியோ தன் பேரும் மீசையும் வைத்து உருவாக்கிய கேப்டனையே பந்துக்குப் பின்னால் ஓடவிட்டார். கேப்டனின் தெம்பைக் காட்டும் பச்சைக்கோடு சிவப்பானது.

"மாத்து ஆளை இறக்குங்க முதலாளி."

"என்னையே வெளிய உட்காரச் சொல்றியா?"

கடைசி நிமிடத்தில் அவள் முதலாளியின் கோல் முன்னால் ஒரு பாஸ் தள்ளினாள். தடுக்க வந்த கேப்டன் தள்ளாடிக் காலை நீட்ட, பந்து அதில் பட்டு அவர் வலைக்குள்ளேயே உருண்டது.

"ஏய், ஷாட் அடிக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க முதலாளி அடிச்சேன்? கோல் போட்டவர்னு ஸ்கிரீன்ல உங்க மீசைதான் தெரியுது."