நாலாவது பாட்டில்

திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் அட்ஜஸ்ட் என்ற ஒரு சொல்லை வைத்தே நிர்வாகம் நடந்தது. மூன்று பேர் அறையில் நான்கு பேரைப் படுக்க வைத்தால் அட்ஜஸ்ட். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தால் அட்ஜஸ்ட். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து நாலு மாதமாகியும் மாற்றப்படாததால், உள்ளே போகிறவள் ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு குளிப்பதற்கும் பெயர் அதுதான். வார்டன் அங்கம்மாள் அதைக் கெஞ்சலாகவும் சொல்வாள், மிரட்டலாகவும் சொல்வாள். செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் குழலிக்கு அதைக் கேட்டாலே குமட்டும். ஆனாலும் அவள் வாயிலும் அது வரும்.

ஒரு திங்கட்கிழமை, மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு புறா செத்து மிதப்பதை வாட்ச்மேன் பொன்னுரங்கம் பார்த்தார். உடனே வார்டனிடம் சொன்னார். அவள் சொன்னபடி வாளியால் அள்ளி எறிந்தார். ஊறிப்போன உடல் பாதிதான் வந்தது. மீதி தண்ணீருக்குள்ளேயே தங்கிவிட்டது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மூடினார். அவர் எப்போதும் வீட்டிலிருந்தே கேனில் தண்ணீர் கொண்டுவருபவர்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போடப் போன குழலி, மூடி விலகியிருந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மேலே எண்ணெய்ப் படலம். அதில் இறகுகள். அடியில் வெளுத்த தோல்போல ஏதோ அசைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நேரே வார்டனிடம் போனாள்.

"தொட்டித் தண்ணியத் தொறந்து விட்டுரலாம்க்கா."

"விட்டுட்டு? கார்ப்பரேஷன் தண்ணி வெள்ளிக்கிழமைதான் வரும். இருபத்தஞ்சு பொம்பளைங்க மூணு நாளைக்கு எங்க போவீங்க? வெளிய தெரிஞ்சா ஹாஸ்டலையே மூடிருவாங்க. அப்பறம் பஸ் ஸ்டாண்டுல போய்ப் படுத்துக்க." அங்கம்மாள், அந்தத் தொட்டித் தண்ணீர் வரும் பில்டரில் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தாள். "நானும் இதத்தான் குடிக்கறேன். செத்தா போயிட்டேன்? அட்ஜஸ்ட் பண்ணு சாமி."

குழலி யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினாள்.

"என்னக்கா, கலெக்டராயிட்டீங்களா? கடைத் தண்ணியெல்லாம் குடிக்கறீங்க" என்று சிரித்தாள் எஸ்தர். அதே அறையில், பக்கத்துப் பாயில் படுப்பவள்.

"தொண்டை சரியில்ல. டாக்டர் சொன்னாரு."

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதலில் எழுகிறவள் நால்வர் பாட்டிலையும் பில்டரில் நிரப்பிக் கதவோரம் வைத்துவிட வேண்டும். புதன்கிழமை முதலில் எழுந்தவள் குழலி. நிரப்பாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். மூன்றை நிரப்பினாள். நாலாவது அவளுடையது, கடைத் தண்ணீர் அதில் ஏற்கெனவே இருந்தது.

மற்ற இருவருக்கும் வயிற்று வலியோடு போயிற்று. எஸ்தருக்கு வியாழக்கிழமை வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. கண் செருகியவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தது குழலிதான். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். மறுநாள் ஊரிலிருந்து வந்த எஸ்தரின் அம்மா, குழலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா எம்புள்ள இல்ல கண்ணு."

"விடுங்கம்மா" என்றாள் குழலி.

தொட்டியில் கிடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் மூவர். அவர்களில் எஸ்தருக்குப் பெரிய தீங்கு செய்தவர் யார்?

விடை: வார்டன் என்பதே பலருடைய பதிலாக இருக்கும். அவள் செய்தது அசிங்கம்தான். சட்டமும் முதலில் அவளைத்தான் பிடிக்கும். ஆனால் அந்தத் தண்ணீரை அவளும் குடித்தாள்; அதனால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிற அளவுக்கு அவளுக்கு மனம் மரத்துப்போயிருந்தது. பொன்னுரங்கம் சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொன்னதோடு தன் பொறுப்பு தீர்ந்ததென்று இருந்துவிட்டார். அது குடிக்கத் தகாதது என்று முழுக்க நம்பியவள் குழலி ஒருத்திதான். தெரிந்தே பாட்டிலை நிரப்பித் தந்த கையும் அவளுடையதுதான். அது அவளுக்கும் தெரியும். எஸ்தரின் அம்மா ஆஸ்பத்திரியில் துணையிருந்த ஆறு நாளும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள்; ஒவ்வொரு முறையும், "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டு முடித்தாள்.