இறங்க மறுத்த வடிவாம்பாள்

நெடுங்கரை ராஜா பூபாலருக்குத் தங்கமான மனசு. நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதா என்று, ஆளுக்கு மாதாமாதம் ஒரு பிடி பல்லக்குச் சீட்டு கொடுக்கச் சொன்னார். கட்டண விதியும் போட்டார். "ஏறியதிலிருந்து இறங்கும் வரை ஒரு சவாரி. எவ்வளவு தூரமானாலும் சவாரிக்கு ஒரு சீட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. சொன்ன இடத்துக்கெல்லாம் தூக்கிப் போக வேண்டும். பிடித்து இறக்கினால் சவுக்கடி!"

பல்லக்குக் குத்தகைக்காரன் வீரபாகு லேசுப்பட்டவனா? தெருமுனைக்குத் தெருமுனை நிறுத்தி, "தோள் மாத்தணும், கொஞ்சம் இறங்குங்க" என்று குழைவான். பாவம், ஜனங்களும் இறங்குவார்கள். திரும்ப ஏறினால், "புது சவாரி, புது சீட்டு!" கோயிலுக்குக் கிளம்பினால் பாதி வழியிலேயே மாதச் சீட்டெல்லாம் காலி. அத்தனையும் அவன் கோணிப்பைக்குள். மாதக் கடைசியில் கஜானாவில் கொடுத்துக் காசாக்கிக்கொள்வான்.

ராஜாவைச் சிரிக்க வைப்பதே உத்தியோகமாக இருந்த வடிவாம்பாளுக்கும் கால் விளங்காது. அவளையும் அவன் விடவில்லை. மிச்சம் ஒரே ஒரு சீட்டு. விடிந்தால் அக்கரையில் தங்கைக்குக் கல்யாணம்.

"நானில்லாமல் அவளுக்குத் தாலி ஏறுவதா?" என்று அழுதாள். அழுதுகொண்டே விதியை இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தாள். அப்புறம் ஏன் அழுகிறாள்?

விடியற்காலையில் பல்லக்கு வந்தது. ஏறினாள். முதல் தெருமுனை.

"தோள் மாத்தணும், இறங்குங்கம்மா" என்றார்கள் பல்லக்குத் தூக்கிகள்.

"தாராளமா மாத்துங்க. நான் இறங்க மாட்டேன்."

"இறங்கலைன்னா?"

"சவாரி இன்னும் முடியலைன்னு அர்த்தம். நடங்க!"

தூக்கிகள் திருதிருவென்று முழித்தார்கள். பிடித்து இறக்கினால் சவுக்கடி ஆயிற்றே! நடந்தார்கள். ஆற்றைத் தாண்டினார்கள். பந்தலுக்குள்ளேயே பல்லக்கு போயிற்று. உள்ளிருந்தபடியே அட்சதை போட்டாள், கண் கலங்கச் சிரித்தாள், பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள். திரும்பும் வழியில் சந்தை. வளையல் பேரம் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அரண்மனைக்கு விடுங்கப்பா" என்றாள்.

சபைக்குள் பல்லக்கு நுழைந்தது. பின்னாலேயே வீரபாகு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மகாராஜா! சாயங்காலம் என் மகனுக்கு மாப்பிள்ளை ஊர்வலம். சம்பந்தி வீட்டார் காத்திருக்காங்க. என்கிட்டே உருப்படியா இருக்கிறது இந்த ஒரு பல்லக்குதான். இந்த அம்மாவை இறங்கச் சொல்லுங்க!"

"ஏன் வடிவாம்பா, இறங்கினால் என்ன?" என்றார் ராஜா.

"இறங்கலாம் மகாராஜா. ஆனால் ஏறுவதற்குத்தான் நீங்கள் விலைக்கு உச்சவரம்பு வைத்தீர்கள். இறங்குவதற்கு வைக்கவில்லையே! அந்த விலையை நான்தானே சொல்ல வேண்டும்?"

"சொல்லுங்க தாயே!" என்று கதறினான் வீரபாகு.

"தெருமுனையில் இறக்கி இறக்கிப் பிடுங்கின சீட்டெல்லாம் அவரவர் கைக்குப் போக வேண்டும்."

வீரபாகு ஆளனுப்பிக் கோணிப்பையைக் கொண்டுவரச் செய்து சபை நடுவில் கவிழ்த்தான். ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "பல்லக்குக் கட்டணம் எல்லாம் இனி உன் மேற்பார்வை, வடிவாம்பா! சரி, இப்போதாவது இறங்கு."

"இதோ, இறங்கிவிடுகிறேன் மகாராஜா. என் வீட்டு வாசல் வரட்டும்."

தூக்கிகள் நால்வரும் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார்கள்.

"அதனாலென்ன?" என்றார் ராஜா. "வீரபாகு, முன்தண்டைப் பிடி!"