சுதி விலகிய இடம்

தெற்கே ஒரு துறைமுக ஊரில் வடிவாம்பாள் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். வயது முப்பத்தெட்டு. எழுதிய கதைகளைத் தன் இணையதளத்தில் போடுவார். கேட்டு வருகிறவர்களுக்கு எழுதவும் சொல்லிக்கொடுப்பார்.

அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தவர் கஸ்பார். வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

முதல் நாளே பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது லேப்டாப், தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும் கீபோர்டு, காதை மூடும் ஹெட்போன் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார்.

"டீச்சர், எனக்குச் சொல்ல ஒரே ஒரு கதைதான் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா மனசுல கெடக்கு. எழுத உக்காந்தா வரமாட்டேங்குது. இதுல எது குறையுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

வடிவாம்பாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"நல்ல பொருளாத்தான் வாங்கியிருக்கீங்க அண்ணாச்சி."

"வெப்சைட்டும் வச்சிருக்கேன்."

திறந்து காட்டினார். திரை முழுக்கக் கடல். மேலே கஸ்பாரின் புகைப்படம். திறந்ததுமே வயலின் வாசிக்கத் தொடங்கியது. 'கதைகள்' என்று இருந்த இடத்தை வடிவாம்பாள் தொட்டார். உள்ளே 'விரைவில்' என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஏழு மாசமா."

வடிவாம்பாள் சிரிக்கவில்லை. "வந்த மட்டும் எழுதி, அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவாங்க" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கஸ்பார் நான்கு பக்கம் கொண்டுவந்தார்.

"சத்தமா வாசிங்க."

கஸ்பார் வாசித்தார். கிரேனின் கம்பி வடம் அறுந்து, சரக்கு கீழே விழுந்த கதை அது. கீழே நின்று சிக்னல் காட்டிய சுடலைமுத்து அதில் நசுங்கிச் செத்துப்போனார். கஸ்பாரின் குரல் நன்றாக இருந்தது. காற்றையும் உப்பு வாடையையும் அவர் எழுதியிருந்த விதமும் நன்றாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'விசாரணை நடந்தது. அறிக்கை வெளியானது. காலம் ஓடியது' என்று வாசித்தார்.

"நிறுத்துங்க. சுதி விலகுது" என்றார் வடிவாம்பாள்.

"எந்த இடத்துல?"

"திரும்ப வாசிங்க. உங்களுக்கே கேக்கும்."

கஸ்பார் வாசித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது முறை வாசிக்கும்போது 'விசாரணை நடந்தது' என்ற இடத்தில் அவர் குரல் தானாகவே தணிந்தது. அது அவர் காதிலேயே விழுந்தது. நிறுத்திவிட்டார்.

"யாரை விசாரிச்சாங்க அண்ணாச்சி?"

கஸ்பார் காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"என்னத்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொன்னேன்."

"தெரிஞ்சுதா?"

"எல்லாம் தெரிஞ்சுது டீச்சர். மேல கேபின்ல இருந்து பாத்தா கீழே நடக்கிற அத்தனையும் தெரியும்."

பிறகு அவர் நிறுத்தவில்லை. வடம் நைந்துவிட்டது என்று அன்று காலையிலேயே சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தார். இன்றைக்கு ஒரு நாள் ஓட்டு என்றார் அவர். வடம் அறுபட ஆரம்பித்தபோது சுடலைமுத்து பத்திரமான இடத்தில்தான் நின்றிருந்தார். சரக்குக்கு நேர் கீழே ஐந்து பேர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து கத்தியபடியே உள்ளே ஓடினார். ஐந்து பேரையும் தள்ளிவிட்டார். தான் வெளியே வர அவருக்கு நேரமில்லை.

"அறிக்கையில என்ன எழுதினாங்க?" என்று வடிவாம்பாள் கேட்டார்.

"கவனமில்லாம அவனாவே சுமைக்குக் கீழே போயிட்டான்னு. ஊரும் அப்படித்தான் பேசிச்சு. குடிச்சிருந்தான்னுகூடச் சொன்னாங்க. அவன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. எனக்கு அப்போ கான்ட்ராக்ட் வேலை. வாயைத் திறந்தா மறுநாள் உள்ளே விடமாட்டாங்க."

வடிவாம்பாள் தன் லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தினார். பழையது. மூலைகள் தேய்ந்திருந்தன.

"இப்பச் சொன்னதை இப்பவே எழுதுங்க."

"இதுலயா? என்னோடது பையில இருக்கே."

"எடுக்கிறதுக்குள்ள மனசு மாறிடும்."

கஸ்பார் எழுதினார். பதினோரு மணிக்கு ஆரம்பித்தவர் இரண்டு மணிக்கு நிமிர்ந்தார். பக்கத்தில் வைத்திருந்த மோர் அப்படியே இருந்தது.

வடிவாம்பாள் கேட்டார்: "நீங்க இப்ப எழுதின என் லேப்டாப்புல ரெண்டு பொத்தான் கிடையாது. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

கஸ்பார் குனிந்து பார்த்தார். ஆமாம், இரண்டு இடங்களில் ரப்பர் மட்டும்தான் துருத்திக்கொண்டிருந்தது.

"கவனிக்கவே இல்லையே!" என்றார்.

அன்று மாலையே இணையதளத்தில் போட்டுவிடலாம் என்று கிளம்பியவர் படியில் இறங்கப் போய்த் திரும்பி வந்தார்.

"டீச்சர், சுடலைக்கு ஒரு மக இருக்கா. பேச்சித்தாய். அவன் சாகும்போது அவளுக்கு ரெண்டு வயசு. இதைப் படிச்சா என்னைச் சபிப்பாளே."

"சபிக்கலாம்."

"அப்போ போட வேண்டாமா?"

"சபிக்கிறது அவ உரிமை அண்ணாச்சி. தெரிஞ்சுக்கிறதும் அவ உரிமைதான்."

கஸ்பார் கதையைக் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னார்.

மறுநாள் காலை சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போனார். பேச்சித்தாய்தான் கதவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய அம்மா இருந்தாள். கஸ்பார் உட்காரவில்லை. நின்றுகொண்டே முழுவதையும் வாசித்தார். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். அது பொய்' என்ற வரியை அவர் குரலைத் தணிக்காமல் வாசித்தார்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பேச்சித்தாய் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"பள்ளிக்கூடத்துல என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"குடிகாரன் மகன்னு."

கஸ்பார் கைகூப்பினார்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள். கதவு மூடிக்கொண்டது.

மூன்று நாள் கஸ்பார் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் பேச்சித்தாய் போனில் கூப்பிட்டாள். "அதை இன்னும் போடலையா? போடுங்க. எங்கப்பா பேரை முழுசாப் போடுங்க" என்றாள்.

கஸ்பார் தன் தளத்தைத் திறந்தார். யாரும் சொல்லாமலே வயலினை எடுத்துவிட்டார். கடலை எடுத்தார். தன் புகைப்படத்தையும் எடுத்தார். வெள்ளைப் பக்கத்தில் கதையை மட்டும் போட்டார்.

முதல் நாள் எட்டுப் பேர் படித்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்தின் அடியில் ஒருவர் எழுதியிருந்தார்: 'அந்த ஐந்து பேரில் நான் ஒருவன். என் முதுகில் அவர் கை பட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.' மறுநாள் இன்னொருவர் எழுதினார். மஸ்கட்டிலிருந்து மூன்றாமவர். நான்காமவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்காக மருமகள் எழுதியிருந்தாள். ஐந்தாமவர் இறந்துபோயிருந்தார். அவர் மகன் எழுதினான்: 'எங்கள் வீட்டில் சுடலைமுத்து ஐயா படம் இல்லை. எங்கே கிடைக்கும்?'

அந்த வாரக் கடைசியில் துறைமுகத் தொழிலாளர் சங்கம் கூடியது. சுடலைமுத்துவின் படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்டுவதென்று தீர்மானித்தார்கள். கதையைக் கஸ்பார் வாசிக்க வேண்டும் என்றார்கள்.

"அவர் வாசிக்க வேண்டாம்" என்றாள் பேச்சித்தாய். "நான் வாசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிரம்பி, வெளியே மரத்தடி வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். பெரும்பாலும் சுமை தூக்குகிறவர்கள். பேச்சித்தாய் மைக்கைப் பிடித்தாள். தடுமாறவில்லை. கஸ்பார் பொய் சொன்ன இடத்தை மெதுவாகவும் வாசிக்கவில்லை, வேகமாகவும் வாசிக்கவில்லை. தன் அப்பா உள்ளே ஓடிய இடம் வந்தபோது தலையை உயர்த்தினாள். காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். கனத்த மூட்டையைத் தோளில் ஏற்றும்போது போடுகிற குரலைப் போட்டார். மருமகளை எழுதச் சொன்ன நான்காமவர் அவர்தான். பக்கத்தில் நின்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பிறகு மண்டபமே பாடியது. ஒருவர் எடுக்க நூறு பேர் வாங்க, அந்தப் பாட்டோடு சுடலைமுத்துவின் படம் கைமாறிக் கைமாறி மேலே போய்ச் சுவரில் ஏறியது. அவர் மனைவி இப்போது முகத்தை மூடவில்லை. இரண்டு கைகளையும் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கஸ்பாரிடம் வந்தாள்.

"மாமா, வாங்க. படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு கஸ்பார் வெளியே வந்தார். வடிவாம்பாள் மரத்தடியில் நின்றிருந்தார். கஸ்பாரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தப் பிள்ளை வாசிக்கிறப்போ அது நான் எழுதின மாதிரியே இல்லை. ஒரு வரிகூட என்னோடதுன்னு தோணலை. அவளே எழுதி அவளே வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லை அண்ணாச்சி" என்றார் வடிவாம்பாள். "இப்பத்தான் எழுதி முடிச்சிருக்கீங்க."