மறுக்கும் முன் ஒரு தலையசைப்பு

வெகு காலத்துக்கு முன்பு, மருதக்கோடு என்ற நாட்டை விறல்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, மூக்கின் மேல் கோபம், அவ்வளவுதான். அவன் காதருகே எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தவர் குவளை நம்பி என்ற பிரபு. ராஜா எங்கே கோபப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதில் மகா கெட்டிக்காரர்.

ராஜா அப்போது பெரிய ஏரி ஒன்று வெட்டத் தொடங்கியிருந்தான். கரை எழும்பினால் நான்கு ஊர்கள் தண்ணீருக்குள் போய்விடும். தலைநகரின் கல்விச்சாலையில் ஆசிரியர் ஆதிச்சன் இதையே வாதத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு மாணவன் ராஜா செய்வது அநியாயம் என்று பேசிவிட்டான். நம்பி ஓடிப்போய் ராஜாவின் காதில் ஓதினார். மறுநாளே ஆதிச்சனை அவைக்கு இழுத்துவந்தார்கள்.

"பேசியவன் பெயரைச் சொல். இல்லையென்றால் நீ நாட்டைவிட்டே போக வேண்டியதுதான். கல்விச்சாலையையும் பூட்டிவிடுவேன்" என்றான் ராஜா.

"சொல்ல மாட்டேன், அரசே. என்னை நம்பித்தான் அவன் வாய் திறந்தான்" என்றார் ஆதிச்சன். பயம் இல்லாமல் இல்லை. அவருக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டே.

மந்திரி காரையூர் உடையார் எழுந்தார். "அரசே, அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மறுக்க வருகிறவர் முதலில் எதிராளியின் கட்சியை எடுத்துச் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று எதிராளி தலையசைத்த பிறகே மறுக்கலாம். நம்பியும் அப்படிச் சொல்லட்டும். மாணவனுக்குப் பதிலாக ஆசிரியர் தலையசைக்கட்டும். பிறகு தண்டியுங்கள்."

"இவ்வளவுதானா?" நம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ராஜா ஒழியட்டும் என்றான்."

ஆதிச்சன் தலை அசையவில்லை.

"ஏரியே கூடாது என்றான்."

அசையவில்லை.

"பகைவர் தூண்டிவிட்டுப் பேசினான்!"

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு பிள்ளை பேசியதைத் திருப்பிச் சொல்ல உமக்கு வாய் வரவில்லையா? தள்ளி நில்லும், நானே சொல்கிறேன். நாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், ஏரி நல்லதுதான். ஆனால் மூழ்கப்போவது அந்த நான்கு ஊர். உழுத நிலம், குலதெய்வக் கோயில், செத்தவர்களைப் புதைத்த இடம் எல்லாம் போகும். அவர்களை யாரும்..." அங்கே நின்றுவிட்டான். பிறகு குரல் இறங்கியது. "யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

ஆதிச்சன் தலையசைத்தார்.

"இனித் தாங்கள் மறுக்கலாம், அரசே" என்றார் மந்திரி.

ராஜா மறுக்கவில்லை. "ஆதிச்சரே, உம்முடைய கட்சி எது?"

"ஏரி வேண்டும் என்பதுதான். அன்றும் இன்றும்."

"பிறகு ஏன் அவனைப் பேசவிட்டீர்?"

"அவன் பேசும்வரை எனக்கும் அந்த ஊர்க்காரர்களின் நினைவு வரவில்லை, அரசே. வெட்கமாக இருந்தது."

ராஜா தண்டனை ஓலையைக் கிழித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். நம்பியை ஓராண்டு கல்விச்சாலையில் மாணவர்களோடு பாயில் உட்காரச் சொன்னான். கரை வேலையை நிறுத்திவிட்டு, குடையும் சாமரமும் இல்லாமல் அந்த நான்கு ஊர்களுக்கும் புறப்பட்டான்.

முதல் ஊரில், "உங்கள் குறை என்ன?" என்று கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் கண்ணிலும் பயம். தன் கோபம் இந்த நாட்டை என்ன செய்து வைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மண் தரையில் உட்கார்ந்தான். யாராவது ஒருவர் பேசட்டும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தான்.