மடுவேந்தர் நீட்டாத நாக்கு

ஒரு காட்டில் ஒரு மடு இருந்தது. மடுவில் ஒரு முதலை இருந்தது. அந்த முதலையிடம் ஒரு கேள்வி இருந்தது. காட்டு விலங்குகளுக்கு முதலையின் பல்லைக் கண்டுகூட அவ்வளவு பயமில்லை, பிள்ளைகளே. அந்தக் கேள்வியைக் கண்டுதான் பயம்.

அந்த ஆண்டு மழை தப்பிவிட்டது. ஓடைகள் காய்ந்தன, குட்டைகள் வெடித்தன, யானைகள் எல்லாம் தண்ணீர் தேடி மேல்மலைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது அந்த மடு ஒன்றுதான். அதன் கரையில், ஈரச் சேற்றில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு முதலை படுத்திருக்கும். முதலை என்று யாரும் கூப்பிடக் கூடாது. மடுவேந்தர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நீர் வேண்டுமா?" என்பார் மடுவேந்தர். "யாம் இதுவரை அறியாத ஓர் அதிசய உண்மையைச் சொல். உண்மையானால் குடித்துவிட்டுப் போ. பொய்யானால் நீ எமது காலை உணவு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒரு குரங்கு வந்தது. "ஐயா, வௌவால் தலைகீழாத் தொங்கித்தான் தூங்கும்."

"இது யாம் அறிந்ததே! பழைய செய்தி!" என்று பாய்ந்தார் வேந்தர். குரங்கு மரத்துக்குத் தாவிவிட்டது. வால் மயிர் நாலைந்து வேந்தரின் பல்லிடுக்கில் நின்றன.

அடுத்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. "ஐயா, நான் காலால ருசி பார்ப்பேன். பூவுல போய் நின்னாலே இனிப்பு தெரிஞ்சிடும்."

"காலால் ருசியா? யாம் இதை அறியோம். யாம் அறியாதது எப்படி உண்மையாகும்? பொய்!" என்று வாயைப் படாரென்று மூடினார் வேந்தர். பூச்சி மெலிந்த உடம்பாக இருந்ததால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே புகுந்து தப்பித்தது.

பிறகு பச்சோந்தி வந்தது. "என் நாக்கு என் உடம்பைவிட நீளம், ஐயா" என்றது. சொன்னதோடு நில்லாமல், தூரத்தில் நின்றபடியே வேந்தரின் மூக்கில் உட்கார்ந்திருந்த ஈயை நாக்கால் சுருட்டி எடுத்தும் காட்டியது.

"கண்கட்டு வித்தை! பொய்!" என்றார் வேந்தர்.

தெரிந்ததைச் சொன்னால் பழசு. தெரியாததைச் சொன்னால் பொய். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எறும்பு நுழையக்கூட இடமில்லை. வேந்தருக்குப் பக்கத்தில் ஒரு நரி வேறு உட்கார்ந்துகொண்டு, "பழசு, பழசு!" "பொய், பொய்!" என்று ஒத்து ஊதிக்கொண்டிருந்தது. மீந்த எலும்பு தனக்கு வரும் என்ற நப்பாசைதான், வேறென்ன.

இதையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் மஞ்சப்பன். மஞ்சப்பன் ஒரு தூக்கணாங்குருவி. மடுவின் மேல் சாய்ந்திருந்த கருவேல மரக் கிளையில் பாதிக் கூடு கட்டி வைத்திருந்தான். தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண் குருவியின் வேலை. பெண் குருவி வந்து பார்க்கும், எட்டி உள்ளே நோக்கும், கூட்டின் நார் ஒன்றைப் பிடித்து இழுக்கும். பிடித்திருந்தால் குடிவரும். இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிடும்.

மஞ்சப்பனிடம் மூன்று வருஷமாக யாரும் குடிவரவில்லை. போன வருஷம் தவிட்டாயி என்ற பெண் குருவி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

"காத்தடிச்சா வீடு இந்த ஆட்டம் ஆடுதே! உள்ளே ஈரமண்ணை அப்பி வைக்கணும்னுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

இந்த வருஷம் ஈரமண் அப்பியே தீருவது என்று மஞ்சப்பன் வைராக்கியமாக இருந்தான். ஆனால் காடு முழுக்கத் தேடினாலும் ஈரமண் இருந்த இடம் ஒன்றுதான். அது வேந்தரின் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

ஆகவே அவன் தினமும் கூட்டில் தலைகீழாகத் தொங்கியபடி, வேந்தர் எப்போது நகர்வார், எப்போது நகர்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் நகரவில்லை. கொட்டாவிதான் விட்டார். நாள் முழுக்க ஒருவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வாயைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்றிரண்டு விஷயங்கள் தெரிந்துபோகும். மஞ்சப்பனுக்கும் தெரிந்துபோயின. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் காத்தாயி என்ற முயல் தட்டுத் தடுமாறி மடுவுக்கு வந்தாள். அவள் தண்ணீர் குடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. புதரில் இரண்டு குட்டிகள் கண் சொருகிக் கிடந்தன.

"ஐயா, நான் ஒரு வாய் குடிச்சாத்தான் என் பிள்ளைங்களுக்குப் பால் ஊறும்" என்று கும்பிட்டாள்.

"உண்மையைச் சொல். பிறகு குடி."

காத்தாயி வெட்கத்தோடு காதுகளைத் தொங்கவிட்டுக்கொண்டாள். "வெளியே சொல்ற விஷயமில்லைங்க. நான் போடுற புழுக்கையில ஒரு வகையை நானே திரும்பத் தின்னுடுவேன். முதல் தடவை வயிறு எடுக்காத சத்து, ரெண்டாம் தடவைதான் உடம்புல ஒட்டும். முயல் சாதிக்கே அப்படித்தான்."

"சீச்சீ!" என்றார் வேந்தர். "பொய்! அதிலும் நாற்றமடிக்கும் பொய்!"

"பொய், பொய்!" என்று நரி உதட்டை நக்கிக்கொண்டது.

வேந்தரின் வாய் திறந்தது. காத்தாயிக்கு ஓடவும் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. மஞ்சப்பன் யாரென்று சுற்றும் முற்றும் பார்த்தான். பார்த்தால், கத்தியது அவனேதான்.

வாய் திறந்தபடியே வேந்தர் மேலே நோக்கினார். மஞ்சப்பனுக்குப் பறந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் விடவில்லை. "அந்த அம்மாவை விடுங்க. அவங்களுக்குப் பதிலா நான் ஓர் உண்மை சொல்றேன். தப்பாப் போச்சுன்னா என்னையும் சேர்த்துத் தின்னுடுங்க. சரியாப் போச்சுன்னா, இனிமே யாரையும் கேள்வி கேக்காம மடுவைத் திறந்துவிடணும்."

"சொல்" என்றார் வேந்தர்.

"உங்களால நாக்கை வெளியே நீட்ட முடியாது."

"எம்மாலா முடியாது?" என்று உறுமினார் வேந்தர். "இதோ, பார்!"

வாயைப் பிளந்தார். கழுத்தை நீட்டினார். கண்கள் இரண்டும் மூக்கைப் பார்த்து மாறுகண்ணாயின. "ஹா" என்றார். "ஹ்ஹா" என்றார். தலையை இடமும் வலமும் உதறினார். நாக்கு பசை போட்டு ஒட்டியது போல வாயின் அடியில் கிடந்தது. ஒரு விரற்கடை நகரவில்லை.

மரத்திலிருந்த அணில் ஒன்றுக்கு அடக்க முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டது. அவ்வளவுதான், குரங்குகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து நாக்கை நீட்டிக் காட்டின. "இப்படித்தாங்க ஐயா, ரொம்பச் சுலபம்!" பச்சோந்தி தன் நாக்கை ஒரு முழத்துக்கு விட்டு, சாவகாசமாக உள்ளே இழுத்துக்கொண்டது. மான் தன் மூக்கையே நக்கிக் காட்டியது.

"நாக்கு நீட்டுவது கீழோர் செயல்!" என்று சீறினார் வேந்தர். "எம்மால் முடியும். விருப்பம் இல்லை, அவ்வளவே!"

"விருப்பம் இல்லை, விருப்பம் இல்லை!" என்றது நரி. அதன் நாக்கு அப்போது ஒரு சாண் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

இந்த ஆளிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று மஞ்சப்பனுக்குப் புரிந்தது. மறுக்கவே முடியாதபடி ஒன்றைச் செய்ய வேண்டும்.

"அப்போ இன்னொண்ணு சொல்றேன். காட்டெருமை எலும்பையே நொறுக்குற வாய் இது. மூடுறதுக்கு உங்ககிட்ட மலை மாதிரி பலம் இருக்கு. ஆனா திறக்குறதுக்குப் பலமே கிடையாது. நான் ஓலை நாரால கட்டினா உங்களால வாயைத் திறக்க முடியாது."

இதற்குக் காட்டு விலங்குகளே சிரித்துவிட்டன. காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. "வேணாம் தம்பி, உன் உசிரையாவது காப்பாத்திக்கோ" என்றாள்.

வேந்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கட்டு! நீ கட்டுவதை யாம் தும்மியே அறுப்போம். அப்புறம் நீ, இந்த முயல், சிரித்த அந்த அணில், மூவரும் எமக்கே!"

கட்டுவதற்கு நார் வேண்டுமே. புது நார் கிழிக்கப் பனைமரம் பக்கத்தில் இல்லை. மஞ்சப்பன் தன் பாதிக் கூட்டை ஒரு தரம் பார்த்தான். இருபது நாள் உழைப்பு அது. பிறகு அலகை வைத்து அதைப் பிரிக்கத் தொடங்கினான்.

நாரும் அலகுமாக வேந்தரின் மூக்கில் வந்து உட்கார்ந்தான். வேலை என்று இறங்கியதும் பயம் எங்கேயோ போய்விட்டது.

"வாயை மூடுங்க. இன்னும் இறுக்கமா. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. ஆங், அப்படியே. அசையாதீங்க, முடிச்சு கோணிடும்."

மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, குறுக்கே ஒரு நுழைப்பு, அதன்மேல் ஒரு முடிச்சு. நாரின்மேல் நாராக முப்பது முடிச்சுப் போட்டான். கடைசி முனையை உள்ளே செருகிவிட்டுப் பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்தான்.

"இப்போ திறங்க."

வேந்தர் திறந்தார். அதாவது, திறக்கப் பார்த்தார். "ம்ம்" என்றது. "ம்ம்ம்ம்" என்றது. தும்மிப் பார்த்தார், மூக்கில் குமிழிதான் வந்தது. புரண்டார். முன்னங்காலால் தள்ளப் பார்த்தார். குட்டைக் கால், மூக்கு வரைக்கும் எட்டவில்லை. வாலை மட்டும் படீர் படீரென்று அடித்தார். எல்லோரும் வால் எட்டாத பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

மஞ்சப்பன் மரியாதையோடு கேட்டான். "வேந்தரே, நான் சொன்னது பொய்யா? ஒரே வார்த்தை, பொய்னு சொல்லிடுங்க. சொல்லிட்டா நானே உங்க வாய்க்குள்ள வந்து உக்காந்துக்கிறேன்."

வேந்தர் சொல்லவில்லை.

"பொய், பொ..." என்று ஆரம்பித்த நரி, வேந்தரின் மூக்கைப் பார்த்தது. "...ய்யே கிடையாது! உண்மை, உண்மை! நான் அப்போதே நினைச்சேன்!" என்றது.

"அம்மா, நீங்க குடிங்க" என்றான் மஞ்சப்பன்.

காத்தாயிதான் முதலில் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். பிறகு மான் குடித்தது, குரங்குகள் குடித்தன, பச்சோந்தி இலைநுனிச் சொட்டை நாக்கால் இழுத்துக்கொண்டது. வண்ணத்துப்பூச்சி ஈர மணலில் நின்று, "சாமி, என்ன ருசி!" என்றது. காலால்தான். மடுக்கரையில் திருவிழாக் கூட்டம். குட்டி விலங்குகள் ஒன்றின்மேல் ஒன்று தண்ணீர் இறைத்துக்கொண்டன.

எல்லோரும் வயிறு நிறையக் குடித்து முடித்ததும் மஞ்சப்பன் கேட்டான். "மடு எல்லாருக்கும் பொதுன்னு ஒத்துக்கிறீங்களா?"

வேந்தர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, மூன்று தரம் ஆட்டினார்.

அவிழ்க்கலாம் என்று மஞ்சப்பன் கிளம்பியபோது, விர்ரென்று ஒரு பெண் குருவி பறந்துவந்து வேந்தரின் மூக்கில் உட்கார்ந்தாள். தவிட்டாயி! முடிச்சுகளை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். ஒரு நாரை அலகால் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள். வேந்தரின் தலைதான் கூடவே வந்தது.

"இது தாங்கும்" என்றாள். "வீடு எப்போ முடியும்?"

மஞ்சப்பனுக்குச் சிறகு எது கால் எது என்று தெரியவில்லை. "மண்... ஈரமண் மட்டும் கிடைச்சா..." என்று உளறினான். வேந்தர் தானாகவே நகர்ந்து இடம் விட்டார்.

கட்டை அவிழ்த்ததும் அவர் ஆழத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரையும் கேள்வி கேட்கவில்லை. எப்போதாவது கேட்கலாமா என்று தோன்றினால், மேலே கிளையில் ஒரு பச்சை நார் காற்றில் ஆடும். பார்த்ததும் வேந்தருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

வெயிலில் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படிச் செய்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்தக் காட்டில் போய்க் கேட்டால் அணில்கள் வேறு காரணம் சொல்லும்: "ஒண்ணுமில்லை, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு இன்னொரு தரம் நீட்டிப் பார்க்கிறார்."

நீதி: தனக்குத் தெரியாததையெல்லாம் பொய் என்பவன், தன்னைப் பற்றிய உண்மையைக்கூட ஊரார் சிரித்த பிறகுதான் தெரிந்துகொள்வான்.