ஜெயித்தவரின் வாசனை

"போன கோடையும் இவதான், அதுக்கு முந்தின கோடையும் இவதான், இப்பவும் இவளேதான்னா நாங்கல்லாம் எதுக்கு ஓடறோம்?" என்றான் கழுதைப்புலி வரியன்.

இதை அவன் சொல்வது முதல் தடவை இல்லை. குன்றின் சரிவில் நின்று சொன்னான். குளக்கரைக்கு வந்து சொன்னான். இப்போது காட்டெருமை அம்மாளின் மூக்குக்கு நேராக நின்று, ஓர் எழுத்து மாறாமல் மறுபடியும் சொன்னான்.

"கேட்டாச்சு," என்றார் காட்டெருமை அம்மாள். பந்தயத்துக்கு அவர்தான் தலைவி. "என் காது நல்லாத்தான் இருக்கு. புதுசா ஏதாவது இருந்தா சொல்லு."

"அவளுக்கு மூச்சே வாங்கலை."

"வாங்கிச்சு," என்றாள் தாழை. "நீங்கதான் பக்கத்துல இல்லை, அண்ணா."

மரத்தின் மேல் இருந்த குரங்குகள் சிரித்தன. வரியன் சிரிக்கவில்லை. அவன் பாதங்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாவம், அவனும் சும்மா ஓடவில்லை.

தாழை ஒரு பெண் வெளிமான். குச்சிக் கால்கள், ஒட்டின வயிறு. பார்த்தால் பந்தயத்தில் ஜெயிக்கிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஜெயித்தாள்.

அந்தக் காட்டில் கோடை முற்றினால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் நிற்கும். யார் முதலில் குடிப்பது என்று சண்டை போட்டு அலுத்துப்போய், முன்னோர்கள் ஒரு வழக்கம் வைத்தார்கள். விடிந்ததும் எல்லோரும் மொட்டைக் குன்றைச் சுற்றி ஓட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் களைத்து நின்ற பிறகும் யார் ஓடிக்கொண்டிருக்கிறாரோ, அவருடைய கூட்டம் மழை வரும்வரை தினமும் முதலில் குடிக்கலாம்.

மான்களுக்கு இது விளையாட்டு இல்லை. கழுதைப்புலிகள் முதலில் இறங்கினால் குடித்துவிட்டுப் போக மாட்டார்கள். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கரையிலேயே படுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் எந்த மான்குட்டி தண்ணீர் பக்கம் வரும்? அன்றைக்கும் புதரோரமாகக் குட்டிகள் நின்றுகொண்டிருந்தன. நாக்கு வெளியே தொங்கியது. குளத்தைப் பார்த்தன, அம்மாக்களைப் பார்த்தன.

"அம்மாக்கிட்ட ஒண்ணு கேக்கறேன்," என்றான் வரியன். "கோரையண்ணன் எப்படி ஜெயிச்சார்னு மறந்துபோச்சா?"

எல்லோரும் ஆலமரத்தடியைப் பார்த்தார்கள். அங்கே கிழட்டுக் காட்டுப்பன்றி கோரையன் படுத்திருந்தார். ஒரு காலத்தில் அவர்தான் இந்தக் காட்டின் பெரிய வீரர். அவரை யாரும் தொட முடியாது. அவர் ஓடிவந்தால் குரங்குகள் பூவைப் பறித்துத் தலையில் போடும். ஒரு கோடையில் ஓடும்போதே சரிந்து விழுந்தார். செத்துவிடுவோம் என்ற பயத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மலைக்குப் பின்னால் ஓயாக்கொடி என்று ஒன்று இருக்கிறதாம். அதை மென்றால் களைப்பே தெரியாதாம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதை மென்றுவிட்டுத்தான் வந்தாராம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சாகவில்லை. அதுதான் அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"ஞாபகம் இருக்கு," என்றார் காட்டெருமை அம்மாள். "அதுக்குத்தானே சோதனை இருக்கு? கரடியாரைக் கூப்பிடுங்க."

கரடியார் வந்தார். காட்டிலேயே பெரிய மூக்கு அவருடையதுதான். பந்தயம் முடிந்ததும் ஜெயித்தவரை வாயைத் திறந்து ஊதச் சொல்லி மோந்து பார்ப்பது அவர் வேலை. கோரையன் காலத்திலும் அவர்தான் மோந்தார். கோரையனின் குட்டு வெளிப்பட்ட பிறகும் அவரேதான் மோந்தார். இத்தனை பெரிய மூக்கு எப்படி ஏமாந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், அந்தப் பூவை எல்லாம் போட்டது யார் என்ற கேள்வியும் கூடவே வருமே.

"ஊதும்மா," என்றார் கரடியார்.

தாழை ஊதினாள். கரடியார் முகத்தைச் சுளித்தார்.

"இன்னொரு தடவை."

ஊதினாள்.

"சரியில்லை," என்றார் கரடியார். "போன தடவையே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

வாயை மூடிக்கொண்டு எங்கே போனார்? போன கோடையில் முள்ளம்பன்றியிடம் முணுமுணுத்தார். முள்ளம்பன்றி உடும்பிடம் சொன்னது. மழைக்காலம் வருவதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. தாழைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

வரியன் துள்ளிக் குதித்தான். "நான் சொல்லலை? நான் சொல்லலை?"

"நீ சொன்னதைத்தான் காலையிலேருந்து கேட்டுட்டிருக்கோம். சும்மா இரு," என்றார் காட்டெருமை அம்மாள். "கரடியாரே, என்ன வாசனை வருது?"

"புல் வாசனை."

"அவ மான். புல் வாசனை வராம தேன் வாசனையா வரும்?"

"அது இல்லம்மா. புல் வாசனை வரலாம். ஆனா ஜெயிச்சவங்க வாசனை வரணுமே. அது வரலை."

காட்டெருமை அம்மாள் அசைபோடுவதை நிறுத்தினார். "ஜெயிச்சவங்க வாசனையா?"

"ஆமாம். வீரர்களுக்குன்னு ஒரு வாசனை உண்டு. வேர்வையில வர்றது. கொஞ்சம் கசப்பா, மூக்குத் தண்டுல சுருக்குன்னு ஏறும். எத்தனை கோடை மோந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஆலமரத்தடியில் கோரையன் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"தம்பி கரடி," என்றார். "கசப்புக்கு அடியில அழுகின எலுமிச்சம்பழ வாடையும் வருமா?"

"வரும், வரும். உங்ககிட்ட பிரமாதமா வரும்."

"அது வேர்வை இல்லடா. ஓயாக்கொடி."

குளத்தில் ஒரு தவளை கத்தியது. அது பாதியில் நிறுத்திக்கொண்டது.

கரடியார் தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்போ நான் இத்தனை நாளா..."

"கொடி தின்னவனையெல்லாம் நல்லவன்னு அனுப்பியிருக்க. தின்னாதவளைப் பிடிச்சு வச்சிருக்க," என்றார் காட்டெருமை அம்மாள். "நல்ல மூக்கு. நல்ல வேலை."

தாழைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்போ நான் போகலாமா, அம்மா? குட்டிங்க ரொம்ப நேரமா நிக்குது."

"போ," என்று சொல்ல வாயைத் திறந்தார் காட்டெருமை அம்மாள். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை.

"ஒரு நிமிஷம்," என்றான் வரியன். இந்தத் தடவை அவன் கத்தவில்லை. நிஜமாகவே குழம்பிப்போனவன் மாதிரி இருந்தது குரல். "அந்த வாசனை இல்லைன்னா அந்தக் கொடியைத் தின்னலைன்னு ஆகுது. சரி. வேற கொடி இருந்தா? நமக்குத் தெரிஞ்சதே கோரையண்ணன் சொன்ன ஒண்ணுதான். அவர் விழுந்திருக்கலைன்னா அதுவும் தெரிஞ்சிருக்காது."

காட்டெருமை அம்மாள் கரடியாரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க," என்றார் கரடியார். "எனக்கு இப்போ எது எந்த வாசனைன்னே தெரியலை. இலுப்பைப் பூ வாசனைகூட இலுப்பைப் பூதானான்னு சந்தேகமா இருக்கு."

"என்னை மோந்து பாருங்க," என்று வரியன் வாயைத் திறந்து ஊதினான். "நான் சுத்தம்."

கரடியார் பின்னால் சாய்ந்தார். "தம்பி, உன் வாயில செத்ததுங்க எல்லாம் வரிசையா நிக்குது. அதுக்குள்ள ஒரு கொடி இருந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? வாயை மூடு, புண்ணியமாப் போகும்."

குரங்குகள் இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. "ஒரு மானால இவ்வளவு தூரம் ஓட முடியுமா?" என்றது ஒன்று. "ஓடினாளே, பாத்தோமே?" என்றது இன்னொன்று. "பாத்ததாலதான் கேக்கறேன்," என்றது முதல் குரங்கு. அவள் தோற்றிருந்தால் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெயித்தது ஒன்றுதான் அவளுக்கு எதிரான சாட்சி.

அவள் எதையாவது தின்றாளா, இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் அவள் ஓடியபோது கூட ஓடியவர் ஒருவரும் இல்லை.

"தாழை," என்றார் காட்டெருமை அம்மாள். "நீயே சொல்லிடு. ஏதாவது தின்னியா?"

"புல்லு தின்னேன். கொன்னைக் காய் தின்னேன். எல்லாரும் தின்னற இடத்துலதான் தின்னேன். சத்தியமா வேற ஒண்ணும் தின்னலை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடிப் பழகறேன், அவ்வளவுதான்."

அவள் சொன்ன விதத்தில் காட்டெருமை அம்மாளின் கண்ணே கலங்கியது. அந்த நேரம் பார்த்து ஆலமரத்தடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"இதைத்தான் நானும் சொன்னேன்," என்றார் கோரையன். கேலி இல்லை அதில். வெட்கம்தான் இருந்தது. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து பழகறேன்னு. சத்தியமான்னு. குரல்கூட இப்படித்தான் நடுங்கிச்சு. நீங்க எல்லாரும் அழுதீங்க."

காட்டெருமை அம்மாள் சட்டென்று கண்ணைச் சிமிட்டி ஈரத்தை உள்ளே தள்ளினார். ஒருமுறை அழுது ஏமாந்தவர் இன்னொருமுறை அழ யோசிப்பார் அல்லவா?

"அண்ணா," என்றாள் தாழை. "நீங்க பொய்யாச் சொன்னீங்க. நான் நிஜமாச் சொல்றேன்."

"தெரியும்மா," என்றார் கோரையன். பிறகு கொஞ்சம் யோசித்தார். "இல்லை, தெரியாது. தெரியணும்னு ஆசையா இருக்கு."

காட்டெருமை அம்மாள் தொண்டையைச் செருமினார். "இப்போதைக்கு முடிவு ஒண்ணும் சொல்றதுக்கில்லை. சந்தேகம் தீர்ற வரைக்கும் யாருக்கும் முதல் உரிமை கிடையாது. அவங்கவங்க பாத்துக் குடிச்சுக்குங்க."

அவங்கவங்க பாத்துக் குடிச்சுக்குங்க என்றால் என்ன அர்த்தம் என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் வாயை மூடுவதற்குள் கோரையனின் பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து புரண்டார்கள். கழுதைப்புலிகள் ஒவ்வொருவராக வந்து கரையில் படுத்தார்கள். வரியன் மட்டும் படுக்கவில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியாமல், ரத்தம் கசியும் பாதத்தை நக்கிக்கொண்டு நின்றான். புதரோரத்தில் இருந்த குட்டிகள் இன்னும் பின்னால் போய்விட்டன. அதில் சின்னக் குட்டி கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

தாழை அதைப் பார்த்தாள். பிறகு சபைக்கு நடுவில் வந்து நின்றாள்.

"ஊதச் சொன்னீங்க, ஊதினேன். சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். நாளைக்கு மறுபடி ஓடச் சொன்னா ஓடறேன், ஆனா ஜெயிச்சா மறுபடி இதேதான் கேப்பீங்க. நான் எதைச் செஞ்சுகாட்டினா நம்புவீங்க? அதை மட்டும் யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இப்பவே செய்யறேன்."

காட்டெருமை அம்மாள் தண்ணீரைப் பார்த்தார். கரடியார் மூக்கைத் தரையில் தேய்த்தார். கோரையன் கண்ணை மூடிக்கொண்டார். வரியன் நக்குவதை நிறுத்திவிட்டு, யாராவது சொல்வார்களா என்று அவளோடு சேர்ந்து அவனும் காத்திருந்தான். யாரும் சொல்லவில்லை.

பொய்யனைக் கேள்வி கேட்காமல் கொண்டாடிய ஊர், பின்னால் வரும் உண்மைக்காரரை எவ்வளவு கேள்வி கேட்டாலும் நம்ப முடியாமல் தவிக்கும்.